பவளத்துக்கு வைத்த ஃப்ரீசியா

கூதல்மேட்டில் ஒரு சாவு எத்தனை நாளைக்கு என்பதைப் பூதான் முடிவு செய்யும். பிணம் எடுத்த வீட்டின் தெருப்பக்க ஜன்னலில், கண்ணாடிக் குடுவையிலோ அதற்கு வழியில்லாத வீட்டில் ஊறுகாய் பாட்டிலிலோ, ஒரே ஒரு ஃப்ரீசியாத் தண்டை நிறுத்திவைப்பார்கள்; ஒல்லியாக நிமிர்ந்து வந்து, உச்சிக்குக் கொஞ்சம் கீழே யாரோ கூப்பிட்ட மாதிரி பக்கவாட்டில் திரும்பி, திரும்பிய இடத்திலிருந்து சீப்புப் பல் போல வரிசையாக மொட்டு வைத்திருக்கும் தண்டு; முதல் மொட்டு நிறம் காட்டியதும் வெட்டியதாக இருக்க வேண்டும். மடக்கிலிருந்து நுனியைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக மொட்டு விரியும், விரிந்தது வாடும், வாடியதை அந்த வீட்டுப் பெண் கிள்ளிப் போடுவாள், கிள்ளினால்தான் அடுத்ததற்கு ஜீவன் போகும். நுனி மொட்டும் விரிந்து வாடியபின் தண்டை ஓடையில் விட்டுத் தலைக்குக் குளித்தால் துக்கம் முடிந்தது. அதுவரை அந்த ஜன்னலுக்கு மேளச் சத்தம் கேட்கக் கூடாது. ஊரோ கிண்ணத்துக்குள் கிடக்கும் ஊர், சுற்றிலும் மலை, எந்த மூலையில் தட்டினாலும் எல்லா ஜன்னலுக்கும் கேட்கும்; அதனால் ஒரு வீட்டில் தண்டு நின்றால் ஊர் முழுக்க மேளமில்லை, ஒலிபெருக்கியில்லை, கல்யாணமில்லை.

இதில் ஏமாற்றவும் வழி உண்டு, எந்தச் சட்டத்தில்தான் இல்லை. மாமியாருக்கு வைத்த தண்டை அடுப்பனல் படுகிற ஜன்னலில் வைக்கும் மருமகள்களை எனக்குத் தெரியும். சொத்துத் தகராறுள்ள வீட்டில் தண்ணீர் மாற்ற எல்லோருமே மறந்துபோவார்கள். ஊர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கும். இரண்டு விஷயத்தில் மட்டும் யாரும் விளையாட மாட்டார்கள். ஒன்று, விரியாத மொட்டோடு தண்டைத் தூக்கி எறியக் கூடாது. எறிந்த வீட்டில் அடுத்த தண்டு உடனே நிற்கும் என்பார்கள். இன்னொன்று, துக்க வீட்டுக்குப் பழம் கொண்டுபோகக் கூடாது. பழத்தின் மூச்சு பட்டால் இந்தப் பூ மொட்டிலேயே சுருண்டுபோகும். மற்ற ஊர்களில் ஆப்பிளும் சாத்துக்குடியும் ஆறுதல். எங்கள் ஊரில் அது பகை.

என் அக்கா பவளத்துக்கு வைத்த தண்டு முடியவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மேற்குச் சரிவு முழுக்க அம்பலவாணனின் பாலிஹவுஸ், பிளாஸ்டிக் தாள் போர்த்திய பூக் கூடாரங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலை வெள்ளைக் கம்பளி போர்த்திய மாதிரி இருக்கும். உள்ளே ஃப்ரீசியா, மஞ்சள், வெள்ளை, ஊதா, ரத்தச் சிவப்பு. பெண்கள் வெட்டிக் கட்டு கட்டுவார்கள், லாரி கீழே நகரங்களுக்குக் கொண்டுபோகும். பூச்சிமருந்து அடித்த கூடாரத்தை மறுநாள் வரை திறக்கக் கூடாது என்பது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விதி. அன்றைக்கு ஒரு பெரிய கல்யாண ஆர்டர். லாரி காத்துக்கொண்டிருந்தது. மருந்தடித்த ஈரம் ஆறாத கூடாரத்துக்குள் என் அக்காவை அனுப்பினார்கள். அவள் வெட்டினாள், கட்டினாள், வெளியே வந்து ஓரமாக உட்கார்ந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்தாள்.

நான் கீழே பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன். பஸ் ஏறி வருவதற்குள் அம்பலவாணனின் கதை எனக்கு முன்னால் ஊருக்குள் வந்துவிட்டிருந்தது: "யாரும் அனுப்பல. பூட்டியிருந்த கூடாரத்துல பூத் திருடப் போயிருக்கு அந்தப் பொண்ணு." போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். பார்த்த சாட்சி யாரம்மா என்றார்கள். பார்த்த பெண்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். மறுநாள் அவர்களுக்கு அதே கூடாரத்தில் வேலை இருந்தது. நான் அவர்களைத் திட்டினேன். இன்றைக்கும் திட்டுவேன்.

செத்ததை அம்மா தாங்கிக்கொண்டாள். திருடி என்றதைத் தாங்கவில்லை. "அவரு நம்ம ஜன்னலுக்கு முன்னாடி வந்து நின்னு, நாந்தான் அனுப்புனேன்னு ஊர் கேக்கச் சொல்லணும்" என்றாள். என் அம்மா சிட்டம்மா உலகத்திடம் கேட்டது அந்த ஒரே வாக்கியம்தான்.

ஊருக்கெல்லாம் துக்கத் தண்டு அம்பலவாணனின் தோட்டத்திலிருந்துதான் போகும், இலவசம், அது அவருடைய தர்மம். எங்களுக்கும் வந்தது. மேஸ்திரி பெஞ்சமின் ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"முதலாளி குடுத்துவிட்டாரு."

"தூக்கி எறிங்க அதை" என்று கத்தினேன். "கொன்னவன் கையால பூ வேற ஒரு கேடா?"

அம்மா தண்டை வாங்கினாள். பூவைப் பார்க்கவில்லை, தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தாள். வெட்டுவாய் நீளச் சாய்வாக, ஒரே இழுப்பில், பிசிறில்லாமல் இருந்தது.

"சத்தம் போடாதடி. இது பவளம் வெட்டுனது."

பெஞ்சமின் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அவள் வெட்டியதில் லாரியில் ஏற்றியதுபோக ஒரு கட்டு குளிர் அறையில் மீந்திருக்கிறது. புதிதாக ஒரு தண்டு வெட்ட மனமில்லாமல், அந்தக் கட்டிலிருந்து ஒன்றை உருவி அனுப்பியிருக்கிறார் அந்தப் பெரிய மனிதர். ஊதா நிறம். வாசனை, எலுமிச்சைத் தோலைக் கிள்ளித் தேனில் போட்டு, மேலே ஒரு மிளகை நசுக்கினால் எப்படியோ அப்படி.

அம்மா அதைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் பழிவாங்கல் என்று ஒன்று நடந்தது என்றால் அது இதுதான். காலையில் ஒரு தரம், பொழுது சாய ஒரு தரம் தண்ணீர் மாற்றினாள். குடுவையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தண்ணீருக்குள்ளேயே முக்கி வைத்துத் தண்டின் அடியைக் கீற்றுப்போலச் சாய்த்து நறுக்கினாள், காற்று உள்ளே ஏறாமல் இருக்க. ஒரு சிட்டிகை சர்க்கரையும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டாள். வெயில் ஜன்னலைத் தொட்டதும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாள், வெயில் நகர்ந்ததும் எடுத்தாள். அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றினாள். வாடிய பூவை நகம் படாமல் விரல் நுனியால் கிள்ளினாள். சாப்பிட்டாளா என்று கேட்டால் பூவைப் பார்ப்பாள்.

வரிசையாக விரிந்தது, வரிசையாக வாடியது. கடைசி மொட்டு விரிந்த காலையில், அதற்கு அப்பால் நுனியில், அரிசி அளவில் பச்சையாக இன்னொரு மொட்டு இருந்தது. அம்மா பார்த்தாள். "இன்னும் இருக்கு" என்றாள். தண்ணீர் மாற்றினாள். அது பெருத்து விரிந்தபோது அதற்கு அப்பால் இன்னொன்று இருந்தது. அதற்குப் பிறகும் இருந்தது.

ஊர் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. "சிட்டம்மா வீட்டுத் தண்டு இன்னும் முடியலையாமே" என்றுதான் சொன்னது, மழை இன்னும் விடலையாமே என்கிற மாதிரி. முதலில் பாதிக்கப்பட்டவர் பேண்டு மாஸ்டர் துரைக்கண்ணு. மேளமில்லாவிட்டால் அவருக்குச் சோறில்லை. தினமும் காலையில் கிளாரினெட்டைப் பெட்டியோடு தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு வருவார்.

"அக்கா, இன்னைக்கு நெலவரம் என்ன?"

"இன்னும் ரெண்டு இருக்கு தம்பி."

"நேத்தும் ரெண்டுதானேக்கா சொன்னீங்க?"

"நேத்து ரெண்டு நேத்தோட போச்சு. இது இன்னைக்கு ரெண்டு."

அவர் மூக்கை ஜன்னல் கம்பிக்குள் விட்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "வாசனைக்கு ஒரு கொறையும் இல்ல, வயித்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவசரக்காரர்கள் கீழே இறங்கிப்போய்க் கல்யாணம் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் மலையேறினார்கள். அம்மன் திருவிழாவில் கரகம் மேளமின்றி வந்தது. உடுக்கைச் சத்தமில்லாமல் எப்படி இறங்குவது என்று சாமியாடி நியாயமாகவே கேட்டார், சாமியும் அந்த வருஷம் வரவில்லை. தேர்தலுக்கு வந்த வேட்பாளர் மைக் இல்லாமல் பேசினார். ஒலிபெருக்கி இல்லாதபோது அவர் பேச்சில் ஒன்றுமே இல்லை என்பது முதல் வரிசைக்கே தெரிந்துவிட்டது. பஸ் டிரைவர்கள் ஹாரனைத் தொடாமல் வளைவு திரும்பப் பழகினார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எங்கள் வீட்டைக் கடக்கும்போது பூவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வாசனை முதலில் எங்கள் தெருவை நிறைத்தது, பிறகு சந்தையை, பிறகு ஊரை, பால் அந்த வாசனை அடித்தது, ரொட்டி அடித்தது, பாதிரியாரின் அங்கி அடித்தது, வங்கியில் எண்ணிக் கொடுத்த நோட்டு அடித்தது, கீழே போய் இறங்கினால் கடைக்காரர்கள் மூக்கைச் சுளித்து உறிஞ்சி, "கூதல்மேடா?" என்று கேட்டார்கள்.

துரைக்கண்ணுதான் இன்னொன்றைக் கண்டுபிடித்தார், வேலையில்லாதவருக்குக் கண் கூர்மை. அம்பலவாணன் டீக்கடையில் நின்று, "அந்தப் பொண்ணு தானாப் போச்சு, எனக்கென்ன தெரியும்" என்று சொல்கிற நாளில் எல்லாம் நுனியில் ஒன்றுக்கு இரண்டாக மொட்டு வைத்தது. ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. அம்பலவாணன் வாயைத் திறந்தாலே பக்கத்து மேஜைக்காரர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "முதலாளி, வேணாம், என் மகனுக்கு மாசி மாசம் பொண்ணு பாத்திருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

கல்யாணம் என்பது அவருக்கும் வந்தது. மகள் சாருமதிக்குக் கீழே ஒரு மில்காரர் வீட்டில் சம்பந்தம். மற்றவர்களைப் போல மலையிறங்கிப் போய் நடத்த அவரால் முடியாது. தன் தோட்டத்துப் பூவாலேயே வீட்டிலிருந்து ஊர் எல்லை வரைக்கும் பந்தல் போட்டு சம்பந்தி வீட்டாரை வாய்பிளக்க வைப்பதாகப் பத்திரிகை அச்சடிக்கும் முன்பே பேசிவிட்டிருந்தார். பந்தல்கால் நட மேளம் வேண்டும். மேளத்துக்கு எங்கள் ஜன்னல் காலியாக வேண்டும்.

ஒரு நாள் காலை, பலாப்பழம் ஏற்றிய ஒரு மினி லாரி எங்கள் ஜன்னலை ஒட்டி வந்து நின்றது. கீழேயிருந்து வந்த வியாபாரி, பாவம், ஒன்றும் தெரியாதவர். "இங்கதான் நிறுத்தணும்னு ஒரு பெரிய மனுஷர் சொல்லிவிட்டாரு" என்றார். முற்றிப் பழுத்து வெடித்த பழம், தெருவே மணத்தது. அம்மா குடுவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பவளத்தைப் பாடையில் ஏற்றியபோதுகூட அவள் அப்படி ஓடவில்லை. விரிந்திருந்த பூக்களின் ஓரம் அதற்குள் சுருளத் தொடங்கியிருந்தது.

நான் லாரிக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன், பொது இடத்தில் தொல்லை, சட்டப்பிரிவு இன்னது என்றெல்லாம். அந்த நேரத்தில் எதிர்வீட்டு லூர்து அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அம்பலவாணனிடம்தான் அவளும் வேலை பார்க்கிறாள், அக்காவோடு ஒரே வரிசையில் பூ வெட்டியவள். "என்னடி சட்டம் பேசிக்கிட்டு. எல்லாத்தையும் இறக்குங்கடி" என்றாள். பெண்கள் இறக்கினார்கள், ஓடைக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தார்கள், சுளை எடுத்தார்கள், தெருத்தெருவாகப் பிள்ளைகள் வரிசைகட்டி நின்று தின்றார்கள். மதியத்துக்குள் அம்பலவாணனின் ஆயுதத்தில் கொட்டை மட்டும் மிச்சம், அதையும் யாரோ குழம்பு வைக்கக் கொண்டுபோனார்கள்.

அம்மா அன்று முழுக்க உள்ளறையில் ஈரச் சாக்குக்கு நடுவில் பூவோடு உட்கார்ந்திருந்தாள். "இருந்துக்க, இருந்துக்க, இன்னும் அவரு சொல்லல" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். சுருண்ட பூக்கள் உதிர்ந்தன. நுனியில் ஒரு கொத்தே வைத்தது.

பிறகு ஊர்க்கூட்டம். காலியாகக் கிடந்த கல்யாண மண்டபத்தில் எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஊர்த்தலைவர் பொன்னுரங்கம் நல்லவர், நல்லவர்களின் கெட்ட பழக்கம் எல்லாம் உள்ளவர்.

"தாயி, உன் வலி எங்களுக்குத் தெரியாதா? ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல. ஒரே ஒரு நாள் தண்ணி மாத்தாம இரு. அதுவா வாடிக்கும். யார் மேலயும் பழி இல்ல."

"கைபடாம கொல்லுன்னு சொல்றீங்க" என்றேன். "அம்பலவாணனும் அப்படித்தான் பண்ணாரு."

"ஏம்மா மரகதம், பெரியவங்க பேசறப்ப..."

"சின்னப் பொண்ணு ஒருத்தி செத்தப்ப பெரியவங்க யாரும் பேசலையே மாமா. இப்ப மட்டும் எங்கிருந்து குரல் வருது?"

பின்வரிசையில் யாரோ, "கீழ அனுப்பிப் படிக்க வச்சா இப்படித்தான்" என்றார்கள்.

"படிக்காத என் அக்கா சொன்னதைக் கேட்டுத்தான் உள்ள போனா. நீங்க கேட்ட மாதிரியே இருந்தா. பிரயோஜனம்?"

பொன்னுரங்கம் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் மடியில் இல்லாத எதையோ உதறிவிட்டுக்கொண்டாள்.

"அந்த மருந்து ஆறுற வரைக்கும் பொறுக்க முடியல முதலாளிக்கு. இந்தப் பூ வாடுற வரைக்கும் பொறுக்க முடியல ஊருக்கு. நான் மட்டும் எல்லாத்துக்கும் பொறுக்கணுமா? அவரு வந்து சொல்லட்டும்."

வந்தார். சம்பந்தி வீட்டார் நாள் குறித்துவிட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி, பின்னால் பெஞ்சமின், அதற்குப் பின்னால் பாதி ஊர். எங்கள் ஜன்னலுக்கு முன் நின்று கைகூப்பினார்.

"ஏதோ விதி. ஒரு கவனக்குறைவு நடந்துபோச்சு. யாருக்கும் மனசறிஞ்சு கெடுதல் நினைச்சதில்ல. அந்தப் பொண்ணோட ஆத்மா சாந்தியடையணும்."

கூட்டம் அவரைப் பார்க்கவில்லை, நுனியைப் பார்த்தது. எல்லோர் கண் முன்னாலும், பால் பொங்குகிற மாதிரி, ஒன்று, பக்கத்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று என்று மொட்டு வைத்தது. துரைக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். "யோவ் முதலாளி, மாசியும் போச்சு, பங்குனியும் போச்சு! இன்னும் பேசி சித்திரையையும் கெடுத்துடாதய்யா!"

அம்பலவாணன் சட்டென்று திரும்பினார். "பெஞ்சமின்தான் அன்னைக்குக் கூடாரத்துப் பொறுப்பு. நான் ஆபீஸ்ல இருந்தேன்."

தண்டு பாரத்தில் வளைந்தது.

அப்போதுதான் லூர்து பேசினாள். இத்தனை நாள் பேசாதவள், நான் தெருவில் போட்டுத் திட்டியவள். "முதலாளி, நான் அவ பக்கத்துலதான் நின்னேன். 'வாடை இன்னும் போகல, கண்ணு எரியுது'ன்னு அவ உங்ககிட்டதான் சொன்னா. நீங்க கையில வாட்சைத் தட்டிக் காட்டுனீங்க. எனக்கு வேலை போனாப் போகுது. என் பொண்ணு கல்யாணமும் இதே ஊர்லதான் நடக்கணும்." பிறகு மற்றவர்கள். ஒருத்தியின் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தியாகச் சொன்னார்கள், கடைசியில் பெஞ்சமினும் சொன்னார்.

அம்பலவாணன் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் கல்யாணத்துக்குக் காத்திருக்கிற வீடுகள்.

"நாந்தான் அனுப்புனேன்" என்றார்.

"கேக்கல" என்றாள் அம்மா.

"நாந்தான் அனுப்புனேன். லாரி நின்னுச்சு. அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிச்சு. உள்ள போகலைன்னா நாளையிலிருந்து வராதேன்னேன். திருடப் போகல. அது நான் சொன்ன பொய்."

 மொட்டு வைப்பது நின்றது. அவ்வளவுதான். பூ வாடவில்லை, வைத்திருந்த மொட்டு எதுவும் உதிரவில்லை, ஊதா நிறம் இன்னும் கொஞ்சம் அடர்ந்தது போலக்கூட எனக்குத் தோன்றியது.

"அதான் சொல்லிட்டேனே" என்றார் அம்பலவாணன், ஊரைப் பார்த்து. "இன்னும் ஏன் நிக்குது?"

பொன்னுரங்கம் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். என் வாழ்நாள் முழுக்க "வாயை மூடுடி" என்று சொன்னவள், அன்றைக்கு முதல்முறையாகப் பேசு என்கிற மாதிரி முகத்தைத் தூக்கினாள்.

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். "மாமா, ஒரு கேள்வி. செங்கான் மேஸ்திரி செத்தப்போ மூத்த தாரத்து வீட்டுல தண்டு வச்சீங்க. அவரு செத்தது இளைய தாரத்து வீட்டுலன்னு தெரிஞ்சதும் அதை அங்க மாத்துனீங்களா, இல்லையா?"

"மாத்துனோம்."

"ஏன்?"

"சாவு எந்த வீட்டுதோ அங்கதானே தண்டு நிக்கணும்."

"செத்தது எங்க வீட்டுப் பொண்ணு. சாவு யார் வீட்டிலிருந்து வந்துச்சு? இப்ப அவரே வாயால சொன்னாரே."

பொன்னுரங்கம் தாடையைத் தடவினார். நான் அவர் தடவி முடிக்கக் காத்திருக்கவில்லை. "முதலாளியோட பங்களா எங்க இருக்கு? மேட்டுக்கு அந்தப் பக்கம். ஊர்ச் சத்தம் காதுல விழக் கூடாதுன்னே அவ்வளவு தூரத்துல கட்டிக்கிட்டாரு. தண்டு அங்க நின்னா, இங்க எத்தனை மேளம் அடிச்சாலும் அந்த ஜன்னலுக்குக் கேக்காது."

"நியாயந்தானே!" என்று கத்தினார் துரைக்கண்ணு, பெட்டியைத் திறந்துகொண்டே. "நியாயந்தான்" என்றது ஊர். ஊர் அத்தனை வேகமாக ஒரு நியாயத்தை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. நியாயத்தின் மேல் வந்த காதல் ஒன்றுமில்லை, மேளத்தின் மேல் வந்த பசி. எனக்கு எதுவானாலும் சரி.

"என் பொண்ணு கல்யாணம்?" என்றார் அம்பலவாணன். தண்டு நிற்கிற வீட்டிலிருந்து பெண் எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாததா?

"பூ முடியட்டும் முதலாளி" என்றார் பொன்னுரங்கம்.

"இதை நான் தூக்கி எறிஞ்சிட்டா?"

"விரியாத மொட்டோடயா?" பொன்னுரங்கத்தின் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. "வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கு. பாத்துக்கங்க."

அம்மா குடுவையை ஜன்னலிலிருந்து எடுத்து வாசலுக்கு வந்தாள். "காலையில ஒரு தரம், பொழுது சாய ஒரு தரம் தண்ணி மாத்தணும். தண்ணிக்குள்ள வச்சு நறுக்கணும், சாய்ச்சு. வாடுனதை உடனே கிள்ளணும், விட்டா மத்ததைக் கெடுக்கும். வெயில் கூடாது. அனல் கூடாது. வீட்டுல பழம் இருக்கக் கூடாது. வேலைக்காரங்ககிட்ட விடக் கூடாது, வீட்டு ஆளுதான் பாக்கணும்." பிறகு, முப்பது வருஷமாக முதலாளி என்று கூப்பிட்டவள், "பிடிய்யா" என்றாள்.

காரில் வைத்தால் குலுங்கி ஒடியும் என்று நடந்தே கொண்டுபோனார், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலடியைப் பார்த்துப் பார்த்து. அவர் மேட்டைத் தாண்டி மறைகிற வரைக்கும் துரைக்கண்ணு வாயில் கிளாரினெட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மறைந்ததும் ஊதினார். அந்த வாரம் கூதல்மேட்டில் நடந்த கல்யாணங்களில் யார் யாரைக் கட்டினார்கள் என்று பல வீடுகளில் இன்னும் குழப்பம். ஒரே மேளத்துக்கு நான்கு மாப்பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். அம்மா காலியான ஜன்னலைத் துடைத்துவிட்டு, அந்த இரைச்சலுக்கு நடுவில், மறுநாள் மதியம் வரை தூங்கினாள்.

சாருமதி கொஞ்ச நாள் காத்திருந்தாள். பிறகு ஒருநாள் அப்பாவிடம் என்ன கேட்டாளோ, அவர் என்ன சொன்னாரோ, கீழே போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள், அதன்பின் மலையேறவில்லை. அவளுக்காக வருத்தமில்லையா என்று பல்கலைக்கழகத்தில் தோழிகள் என்னோடு சண்டை போடுகிறார்கள். இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவள் அப்பாவின் தண்டனையில் ஒரு பூவைக்கூடக் குறைக்க மாட்டேன், வாதம் முடிந்தது.

போன விடுமுறைக்கு வந்தபோது பங்களாவுக்குப் போய்ப் பார்த்தேன். பெரிய கண்ணாடி ஜன்னல். பழத்தட்டு இருந்த மேஜை காலி. அம்பலவாணன் ஒரு பேசினில் தண்டின் அடியை முக்கி வைத்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, நறுக்கிக்கொண்டிருந்தார். சரியாகத்தான் நறுக்கினார். மேலே வரிசையாக ஊதாப் பூ, நுனியில் மொட்டு, அதற்கப்பால் மொட்டு. அறைக்குள் கால் வைக்க முடியாத அளவுக்கு வாசனை. தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிற வாசனை.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இது எப்ப முடியும்?"

"பூ வியாபாரம் உங்களோடது. நீங்கதான் சொல்லணும்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குடுவையைக் கிட்டே இழுத்து, முகத்தைப் பூவுக்குள் புதைத்து மூச்சை இழுத்தார். திரும்பவும் இழுத்தார்.

"எனக்கு வாசனை வராது" என்றார். "சின்ன வயசுல இருந்தே இந்தப் பூவோட வாசனை மட்டும் வராது. வேற எல்லாம் வரும். சில பேருக்கு அப்படித்தானாம். வெளிய சொல்லிக்கிட்டதில்ல, யாவாரம் கெடும்னு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இது கூடவேதான் உக்காந்திருக்கேன். எப்படித்தான் இருக்கும் அது? நீயாவது சொல்லேன்."

எனக்குத் தெரியும். எதற்கும் என்னிடம் வார்த்தை உண்டு, வாயாடி என்று ஊரெல்லாம் பேர். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"தண்ணி கலங்கியிருக்கு" என்றேன். "மாத்துங்க."